கட்டுச்சோறு கட்டும் கரை

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பனி உருகத் தொடங்கும் நாட்களில் மக்கள் ஒரு பறவைக்காகக் காத்திருப்பார்கள். வீட்டு முன்புறப் புல்தரையில் நெஞ்சு சிவந்த ராபின் இறங்கியதும் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். முதல் ராபின் வந்துவிட்டால் குளிர்காலம் போய்விட்டது என்று கணக்கு. இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள், தங்கள் ஊர் ராபினைப் போலவே நெஞ்சு சிவந்திருந்த ஒரு பூங்குருவி இனத்துக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு வசந்தம் என்றால் ராபின்தான். தமிழனுக்கு அந்த இடத்தில் குயில் இருக்கிறது. இளவேனில் என்றதும் மாந்தளிரும் குயிலோசையும் நினைவுக்கு வரும்படி நம் மொழி நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. இரண்டு மரபுகளும் வசந்தத்தை வருகையாகவே பார்க்கின்றன. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர்களுக்கு இந்தப் பார்வை பொருந்தாது என்பது என் வாதம். இங்கே வசந்தம் புறப்பாடாக நடக்கிறது. வடக்கே யாரோ ஒருவர் முதல் பறவையின் தேதியைக் குறிக்க வேண்டுமானால், அதற்குச் சில வாரங்கள் முன்னால் அந்தப் பறவை எங்கோ ஒரு கரையில் வயிறு நிறைந்து கிளம்பியிருக்க வேண்டும். ஆசியாவின் கிழக்குப் பாதிக்கு அப்படிப்பட்ட கரைகளில் ஒன்று சிலாங்கூர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ராபின் என்று பெயர் பெற்ற பறவைகள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்றும் தமிழ்நாட்டார் குண்டுக்கரிச்சான் என்றும் சொல்லும் கறுப்பு வெள்ளைப் பறவை. விடியற்காலையில் தொலைக்காட்சி ஆண்டெனாவிலும் விளக்குக் கம்பத்திலும் அமர்ந்து பாடும். அது எங்கும் போவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. மற்றது சைபீரிய நீல ராபின். கோடையில் சைபீரியா, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு அக்டோபர் வாக்கில் மலாயாத் தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகளுக்கு வந்து சேர்கிறது. சுமார் 15 கிராம் எடை. ஆணின் முதுகு கருநீலம். தொண்டையிலிருந்து வயிறு வரை தூய வெள்ளை. இரண்டு நிறங்களும் கன்னத்தின் ஓரமாகக் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்கும். காட்டின் தரையில், சருகுகளுக்கு நடுவே, நீண்ட இளஞ்சிவப்புக் கால்களால் குதித்துக் குதித்துப் பூச்சி பொறுக்கும். நின்ற இடத்தில் வாலை மட்டும் நடுங்கவைக்கும். இங்கிருக்கும் மாதங்களில் அது பெரும்பாலும் பாடுவதில்லை. பாட்டெல்லாம் வடக்கே, இணை தேடும் காலத்துக்கு. அதனால்தான் தலைநகரத்தின் காட்டோரங்களில் ஒவ்வொரு ஆண்டும் தங்கிச் செல்லும் இந்த ராபினைப் பற்றி அந்நகரத்தில் பலருக்கும் தெரிவதில்லை.

வசந்தமே இல்லாத ஊரில் வசந்தத்தைத் தேடுவது வீண்வேலை என்று ஒருவர் சொல்லலாம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் இருபது நிமிடம்போலத்தான். ஏப்ரலிலும் டிசம்பரிலும் வெயிலும் மழையும் ஏறத்தாழ ஒன்றே. மரம் மொட்டையாகிப் பின் துளிர்க்கும் காட்சி கிடையாது. அப்படியிருக்க, சருகுத் தரையில் நிற்கும் 15 கிராம் பறவைக்கு அமூர் ஆற்றங்கரையில் பனி உருகும் நேரம் எப்படித் தெரியும்? ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் எபர்ஹார்ட் குவின்னர் செய்த சோதனைகள் இதற்கு ஒரு விடை தந்தன. வலசைப் பறவைகளை மாறாத வெப்பத்திலும் மாறாத ஒளியிலும் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்தபோதும், அவை தம் பருவத்தில் இறகு உதிர்த்தன, எடை கூடின, இரவில் கூண்டுக்குள் அமைதியின்றிப் படபடத்தன. ஆண்டுக் கடிகாரம் ஒன்று பறவையின் உடலுக்குள்ளேயே ஓடுகிறது. வெளியே உள்ள பகல் நீளம் அதன் முள்ளைச் சரிசெய்து மட்டும் கொடுக்கிறது. ஆகவே நம் காற்றிலும் மரத்திலும் இல்லாத வசந்தம், மார்ச் மாதத்தில் நம் காட்டுக்குள் நடமாடும் உடல்களில் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் வானிலையைப் பார்த்துப் பயனில்லை. பறவையைப் பார்க்க வேண்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. அவை நம் பறவைகள் அல்ல, கூடு கட்டுவது வேறு நாட்டில், இங்கே வெறும் விருந்தாளிகள் என்பார்கள். நாட்களைக் கூட்டிப் பார்ப்போம். நீல ராபின் இங்கே அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஆறு மாதத்துக்கும் மேல் இருக்கிறது. வடக்கே அதற்குக் கிடைப்பது மே இறுதியிலிருந்து மூன்று மாதம்போல. கடலோர உள்ளான்களில் சில ஆர்க்டிக் துந்திராவில் தங்குவது இரண்டே மாதம். பிறந்த இடத்தை மட்டும் வைத்து உரிமை பேசினால், வாழ்ந்த காலம் எங்கே போகும்? கால்வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் பல வலசை இனங்களில் ஒரே பறவை ஆண்டுதோறும் ஒரே தோட்டத்துக்கு, ஒரே புதருக்குத் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறார்கள். விருந்தாளி அப்படி வருவதில்லை. வீட்டுக்காரர்தான் அப்படி வருவார். ஒரு மண்ணில் தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்தவரையும் வந்தவர் என்றே அழைக்கும் பழக்கத்தின் வலி பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் புதிதல்ல. அந்தச் சொல்லைப் பறவைக்குப் போடும்போதும் நாம் சற்று யோசிக்க வேண்டும். இரண்டு வீடு உள்ள பறவை என்பதே சரியான கணக்கு. இரண்டில் ஒன்று இடிந்தாலும் அது தெருவுக்குத்தான் வரும்.

இந்த வீட்டைப் பார்க்க விரும்புகிறவர் பிரிக்பீல்ட்ஸிலிருந்தே தொடங்கலாம். செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, ரயில்வேத் தமிழர்களால் வளர்ந்த பகுதி அது. அங்குள்ள கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கிள்ளான். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கமாகப் போடப்பட்ட பாதையின் வழி இது. கிள்ளானில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் கடக்கும்போது தலைக்கு மேல் கேட்பது காகத்தின் குரல். அந்தக் காகம் இந்த மண்ணுக்குத் தானாக வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டு முடிந்து 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில், கிள்ளான் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லையை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. காப்பி போயிற்று, ரப்பர் வந்தது, பிறகு செம்பனை. காகம் மட்டும் பெருகியது. காகம் பெருகியபின் குயில் நிலைத்தது. தீபகற்பத்தின் இந்தப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் வலசை வந்து போய்க்கொண்டிருந்த குயில், முட்டையிடக் காகக்கூடு கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் குயில் கூவினால் அதை இளவேனில் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் இலக்கியம் கற்றுத்தந்த அடையாளம் இங்கே செல்லாது. புதிய அடையாளத்தைக் கடற்கரையில்தான் தேட வேண்டும்.

கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே போனால் காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர் என்று ஊர்கள் வரும். தோட்டத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வரிசை இது. சாலைக்கு மேற்கே, அலையாத்திக் காட்டுக்கு அப்பால், கடல் வற்றும்போது சேற்றுப்பரப்பு வெளிப்படும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் பெரும் ஓதங்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். தட்டையான கரையில் அந்த இறக்கம் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சேற்றைத் திறந்துவிடும். அங்கேதான் பவளக்காலியும் மணல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் கருவால் மூக்கனும் கோட்டான்களும் இரை தேடுகின்றன. தைப்பூசத்துக்குப் பத்துமலை நிறைந்திருக்கும் நாட்களில், அத்தனையும் சாம்பலும் வெள்ளையுமாய், சேற்றின் நிறத்திலேயே கரைந்து கிடக்கும். பங்குனி பிறந்ததும் மாறத் தொடங்கும். மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சின் குறுக்கே செம்பழுப்புப் பட்டை ஒன்று, முதலில் அழுக்குப் பட்டதுபோல், பிறகு அழுத்தமாக எழும். வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் சாம்பல் இறகுகளுக்கு இடையே சிவப்பு இறகுகள் திட்டுத்திட்டாக முளைத்து, சித்திரையில் முழு உடலும் சுட்ட செங்கல் நிறமாகிவிடும். வடக்கே உள்ளவர்கள் வந்து இறங்கும் செந்நெஞ்சைப் பார்த்து வசந்தம் என்கிறார்கள். அந்தச் செந்நெஞ்சு உருவாவதையே நாம் நம் கரையில் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த வரையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் வசந்தத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

நிறம் மாறும் அதே வாரங்களில் உடலும் மாறுகிறது. நீண்ட பயணத்துக்குப் புறப்படுகிறவருக்கு வாழையிலையில் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தனுப்புவது நம் வீட்டு வழக்கம். பறவை தன் கட்டுச்சோற்றைத் தோலுக்கடியில் கொழுப்பாகக் கட்டிக்கொள்கிறது. அலாஸ்காவிலிருந்து கிளம்பும் பட்டைவால் மூக்கனின் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாக இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அவ்வினத்தின் இளம்பறவை ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் கடந்தது. சிலாங்கூரிலிருந்து போகும் பறவைகள் அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடப்பதில்லை. இடையில் தங்கித் தங்கிப் போகின்றன. ஆனாலும் முதல் மூச்சுக்கான சோறு இந்தச் சேற்றிலிருந்துதான் வர வேண்டும். ஒரு புழு, ஒரு சிறு நண்டு, ஒரு மட்டி என்று ஓதம் வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள் பொறுக்கியாக வேண்டும். நீர் ஏறினால் பந்தி முடிந்தது. அந்த நேரத்தில் ஒரு நாயோ, ஒரு டிரோனோ, கூட்டத்துக்குள் ஓடும் ஒரு குழந்தையோ பறவைகளைக் கிளப்பிவிட்டால் சாப்பாட்டு நேரமும் குறைகிறது, சேர்த்த கொழுப்பும் செலவாகிறது. மார்ச், ஏப்ரலில் கடற்கரையில் நாம் நடந்துகொள்ளும் விதம் பயணத்தின் முதல் அடியைத் தீர்மானிக்கிறது.

காப்பார் கடலோரத்தில் சுல்தான் சலாவுதீன் அப்துல் அசீஸ் மின்நிலையம் நிற்கிறது. நிலக்கரி எரித்த சாம்பலைக் கொட்டுவதற்காக அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. ஓதம் ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் அந்தச் சாம்பல் குளங்களில் போய் ஓய்ந்திருப்பதைப் பறவையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் எண்ணினாலும் சில ஆயிரத்தைத் தாண்டாத நோர்ட்மன் பச்சைக்காலியும் அங்கே காணப்பட்டிருக்கிறது. இதைக் காட்டியே ஒரு மறுப்பு எழும்: சாம்பல் குளத்திலேயே வாழப் பழகிவிட்ட பறவைக்கு எதற்கு இவ்வளவு கவலை, எதற்கும் அது ஈடுகொடுத்துவிடுமே என்று. இது அரை உண்மை. குளம் படுக்கையறை, சமையலறை வெளியே உள்ள சேறு. நீர் ஏறும்போது நிற்க ஓர் இடத்தை மனிதன் அறியாமலே செய்து கொடுத்திருக்கிறான். ஆனால் நீர் வற்றும்போது உண்ணும் இடத்தை எந்த மின்நிலையமும் செய்து தராது. ஆறுகள் நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த சேறு அது. காப்பார் காட்டும் பாடம் வேறு. சேறு மிச்சமிருக்கும் வரை, மனிதன் கொஞ்சம் இடம் விட்டாலே பறவை அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

அந்தப் பாடத்தின் மறுபாதி கெப்போங்கில் இருக்கிறது. இன்று மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காடாக ஓங்கி நிற்கும் இடம், நூறாண்டுக்கு முன் ஈயம் தோண்டி எறியப்பட்ட மணல்மேடும் காய்கறிப் பாத்திகளும். 1920களில் தொடங்கி மரம் மரமாக நட்டு வளர்க்கப்பட்டது. ஆய்வுக் கழகம் 1929இல் அமைந்தது. மனிதக் கையால் எழுந்த அந்த வெப்பமண்டலக் காட்டை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீல ராபினுக்குத் தேவையான நிழலும் சருகும் ஈரத் தரையும் உள்ள தாழ்நிலக் காடுகள் தலைநகரத்தைச் சுற்றி வீடமைப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. போனது போனதுதான் என்று கையைக் கழுவுகிறவர்களுக்குக் கெப்போங் ஒரு பதில். ஆனால் அந்தப் பதிலுக்கு விலை ஒரு நூற்றாண்டு. பட்டுப்போன சுரங்க நிலத்தைக் காடாக்க நான்கு தலைமுறை காத்திருப்பதைவிட, நிற்கிற காட்டை நிற்கவிடுவது மலிவு. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா இந்த எண்ணத்தில்தான் 1987இல் அமைந்தது. புக்கிட் மெலாவத்திக் குன்றின் அடியில் அலையாத்தியையும் ஒரு குளத்தையும் காக்க மலேசிய இயற்கைக் கழகம் அங்கே உழைத்திருக்கிறது.

கேடு எல்லாம் மஞ்சள் கடலில் நடக்கிறது, சிலாங்கூர் என்ன செய்ய முடியும் என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் கிழக்காசிய ஆஸ்திரலேசியப் பறவைப்பாதை 22 நாடுகளைக் கடக்கிறது. அதன் இடுப்புபோல் இருப்பது சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான மஞ்சள் கடல். அங்குள்ள சேற்றுப்பரப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஐம்பது ஆண்டுகளில் அழிந்துவிட்டதை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உண்மையிலேயே பெரிய காயம் அது. ஆனால் அதற்குப் பின் அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். சீனா 2018இல் வணிகத்துக்காகக் கடலைத் தூர்ப்பதைத் தடுத்து நிறுத்தியது. 2019இல் அதன் மஞ்சள் கடற்கரையின் ஒரு பகுதியும், 2021இல் கொரியாவின் சேற்றுப்பரப்புகளும் உலகப் பாரம்பரியமாயின. இடுப்பில் கட்டுப் போட்டாயிற்று. அதே நேரத்தில் காலை ஒடித்துக்கொண்டால் உடல் நடக்குமா? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது என்பதற்காக மற்றக் கண்ணிகளைக் காக்காமல் விடுவது நியாயம் ஆகாது. மற்றக் கண்ணிகளின் மேல் சுமை ஏறுகிறது என்பதே அதன் பொருள்.

வடக்கின் மாற்றமும் தெற்கின் மண்ணும் எவ்வளவு நெருங்கிக் கட்டப்பட்டவை என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். ரஷ்ய ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்து மேற்கு ஆப்பிரிக்காவின் மொரித்தானியாவில் தங்கும் சிவப்பு உள்ளான் வகை ஒன்றை டச்சு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆர்க்டிக்கில் பனி முன்கூட்டியே உருகிய ஆண்டுகளில் பூச்சிப் பெருக்கம் முந்திவிட்டது. குஞ்சுகள் சரியான நேரத்தில் போதிய உணவின்றி உடல் சிறுத்து, அலகு குறுகி வளர்ந்தன. குறுகிய அலகோடு வெப்பமண்டலக் கரைக்கு வந்தபோது ஆழத்தில் புதைந்திருந்த மட்டியை எட்ட முடியவில்லை, பிழைத்தவை குறைந்தன. தவறு நடந்தது வடக்கே, தண்டனை கிடைத்தது தெற்கே. இது ஆப்பிரிக்காவின் கதை. ஆனால் கரைப்பறவையின் வாழ்க்கை எங்கும் இதே அமைப்பில் ஓடுகிறது. புவி சூடாவதைச் சிலாங்கூர் மட்டும் தடுக்க முடியாது. ஏற்கெனவே தளர்ந்து வரும் பறவைக்கு இங்கே இரையும் குறைந்திருந்தால் அதற்கு மறுவாய்ப்பே இல்லை என்பதை மட்டும் நாம் புரிந்துகொள்ளலாம்.

வயிற்றுப் பிழைப்பா பறவையா என்ற கேள்வியை நேராகவே சந்திக்க வேண்டும். கிள்ளான் துறைமுகம் 2023இல் இருபதடிக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அதில் கிரேன் இயக்குபவர்களிலும் லாரி ஓட்டுபவர்களிலும் கணக்குப் பார்ப்பவர்களிலும் நம்மவர்கள் நிறைய. துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. ஆனால் பிழைப்பு துறைமுகத்தில் மட்டும் இல்லை. அதே சேற்றில்தான் கெராங் எனும் மட்டி விளைகிறது; அதே அலையாத்தி வேர்களுக்குள்தான் இறால் குஞ்சு வளர்கிறது. 2010க்குப் பின் மலேசியாவில் கெராங் விளைச்சல் பெரிதும் சரிந்தது. அந்தச் சரிவால் முதலில் கலங்கியது கரையோர மக்களின் வீடுகள். உள்ளான் உண்ணும் புழுவும் மனிதன் உண்ணும் மட்டியும் ஒரே மண்ணைச் சார்ந்தவை. பறவை குறைவதை எண்ணித் தெரிந்துகொள்பவர் மண் கெடுவதை முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார். புதிய தளம் ஒன்றைக் கடலுக்குள் நீட்டும் முன் பங்குனியிலும் சித்திரையிலும் அந்த இடத்தில் என்ன உண்கிறது, எத்தனை உண்கிறது என்று எண்ணிப் பார்ப்பது வளர்ச்சிக்கு எதிரானதாகாது.

பறவை பார்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு, தொலைநோக்கி வாங்க எல்லாருக்கும் முடியுமா என்ற குரலும் உண்டு. அதற்குப் பதில் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே, போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவானில் இருக்கிறது. மலாக்காவுக்குச் சொந்தமான அந்தச் சிறு முனை நெகிரி செம்பிலானால் சூழப்பட்டது. அதன் உச்சியில் பழைய கலங்கரை விளக்கம். எதிரே 38 கிலோமீட்டரில் சுமத்ராவின் ரூபாட் தீவு. மலாக்கா நீரிணையின் குறுகலான இடம் அது. பருந்தினம் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் மிதந்து போவதால் கடலைக் கடப்பது அதற்குக் கடினம். ஆகவே வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் குறுகலான இடத்தைத் தேர்ந்து, சிறகடித்துக் களைத்து, மரத்துக்கு மேல் தாழப் பறந்து கரையேறும்; ஏறியதும் வெப்பக் காற்றைப் பிடித்து வட்டமிட்டு உயரும். 2000 முதல் மார்ச்சில் மலேசிய இயற்கைக் கழகம் அங்கே மக்களைத் திரட்டிப் பருந்துகளை எண்ணி வருகிறது. வெறும் கண்ணே போதும். நம் மரபும் இதற்குச் சாட்சி. வேடந்தாங்கல் உழவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் பறவைகளைக் காத்தார்கள். அவர்களுக்கு 1798இலேயே செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அங்கீகாரம் கொடுத்தார். சத்திமுத்தப் புலவர் குமரிப் பக்கத்திலிருந்து வடக்கே திரும்பும் நாரைகளிடம்தான் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினார். வழியனுப்பும் பாட்டுதான் நம் மொழியின் புகழ்பெற்ற வலசைப் பாட்டு.

பகலில் சேறு என்றால் இரவில் விளக்கு. நீல ராபினும் ஆறுமணிக் குருவி வகைகளும் இரவில்தான் பறக்கின்றன. 1960களில் பிரேசர் மலையில் மூடுபனி இரவுகளில் விளக்கொளிக்கு இழுபட்டு வந்த வலசைப் பறவைகளை வலையில் பிடித்து வளையமிட்டார்கள். ஒளி அவற்றை எப்படிக் குழப்பும் என்பது இந்த நாட்டில் அப்போதே தெரிந்த செய்தி. இன்று தலைநகரத்தில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரமும் 678.9 மீட்டர் மெர்டேக்கா 118உம் நிற்கின்றன. சிகாகோவில் ஏரிக்கரையிலுள்ள மெக்கார்மிக் மாநாட்டு மண்டபத்தில் மோதி 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இறந்தன. மறு ஆண்டு அதன் கண்ணாடியில் சிறு புள்ளிகள் கொண்ட மென்படலம் ஒட்டினார்கள். மோதல் வெகுவாகக் குறைந்தது. கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் இரவுகளில் அலங்கார விளக்கைக் குறைப்பதும் கண்ணாடியைப் பறவைக்குத் தெரியும்படி செய்வதும் போதும்.

இவ்வளவுக்கும் அடிப்படை எண்ணிக்கை. கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுப் பணியிலிருந்த எலியட் மெக்ளூர் 1963இல் தொடங்கிய ஆசிய வலசை ஆய்வு, நோய்கள் பறவைகளோடு எப்படிப் பயணிக்கின்றன என்று அறிவதற்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டது. லார்ட் மெட்வே மலேசியத் தகைவிலான்களுக்கு வளையமிட்டுச் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. அந்தத் தலைமுறையின் ஆய்வுகள் முடிந்துவிட்டன; ஆனால் எண்ணும் வேலை முடியவில்லை. அதில் சாதாரண மக்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது வடக்கே உள்ளவர்களின் பங்கைவிடக் கடினமானது. முதல் பறவையின் தேதியைக் குறிக்க ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். கடைசிப் பறவையின் தேதியோ, அதற்குப் பிறகும் நாள்தோறும் பார்த்து, இல்லை என்று உறுதி செய்த பின்புதான் தெரியவரும். வருகையை ஒரு கணத்தில் கண்டுகொள்ளலாம்; பிரிவைக் கண்டுகொள்ளப் பொறுமை வேண்டும். அந்தத் தேதிகள் பல ஊர்களிலிருந்து பல ஆண்டுகள் சேர்ந்தால், பறவைகள் முந்திக் கிளம்புகின்றனவா, தாமதிக்கின்றனவா, வழியிலேயே குறைகின்றனவா என்று ஆராய்பவர்களுக்கு அது விதைநெல் ஆகும்.

உலக வலசைப் பறவைகள் நாள் மே, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகளில் கொண்டாடப்படுகிறது. வடக்கின் வசந்தத்துக்குப் பொருத்தமானது அந்த மே நாள். சிலாங்கூர்க் கரையில் அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டிருக்கும், முதல் ஆண்டு இளம்பறவைகள் சில மட்டும் தங்கியிருக்கும். நம் நாட்கள் பங்குனி உத்திரத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் இடையில் இருக்கின்றன. அந்த வாரங்களில் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறத் தொடங்கும் நேரத்தில் ஜெராம் கரையில் போய் அமைதியாக நில்லுங்கள். நீர் பறவைகளைக் கரைக்கு அருகே கொண்டுவரும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டு வாசல் மின்கம்பியைப் பாருங்கள். தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டையும் வெண்மையான வயிறும் நீண்ட பிளவு வாலும் இருந்தால் அது வடக்கே போகப்போகும் தகைவிலான். பட்டையில்லாமல் வயிறு மங்கி, வால் குட்டையாக இருந்தால் இங்கேயே வாழும் பசிபிக் தகைவிலான். வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். கடைசி அடையாளம் விழுந்த தேதியை அடுத்த ஆண்டுக்கும் எடுத்து வையுங்கள். அந்தத் தேதியில் கிளம்பியது எங்கோ ஒரு வீட்டு முற்றத்தில் வசந்தமாக இறங்கும்.